உறவா, ஒழுங்கா? வன்னியில் அடிக்கடி கேட்கும் ஒரு கிறிஸ்தவ வாதத்தின் பின்னணி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து ஜெபக்கூட்டங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும்: "கிறிஸ்தவம் ஒரு மதம் இல்லை, இயேசுவோடு உள்ள தனிப்பட்ட உறவு." சட்டங்களும் சடங்குகளும் மனிதரைக் கடவுளிடம் கொண்டுபோகா, உறவுதான் கொண்டுபோகும் என்பது அதன் கருத்து.

கேட்பவர் குழம்புவதற்கு நியாயம் இருக்கிறது. சட்டம் வேண்டாம் என்று சொல்லும் அதே சபையில் பொட்டு வைக்கக்கூடாது, நகை போடக்கூடாது, கோயில் படையல் சாப்பிடக்கூடாது, பத்தில் ஒரு பங்கு காணிக்கை கட்டாயம் என்று சொல்கிறார்கள். மடு மாதா திருத்தலத்துக்கு நேர்த்தி வைத்துக் கால்நடையாகப் போகும் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு, தங்கள் பக்தியைத்தான் "வெறும் மதம்" என்று தள்ளுகிறார்களோ என்று மனம் நோகிறது. சைவக்காரரின் கேள்வி இன்னும் நேரானது: "உறவுதான் பெரிசு எண்டால், பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்க ஏன் மாட்டன் எண்டு நிக்கிறான்?"

இந்த மூன்று குழப்பங்களுக்கும் வேர் ஒன்றுதான். கிறிஸ்தவத்துக்குள் உறவுக்கும் ஒழுங்குக்கும் இடையில் உள்ள வரிசை என்ன, எது முன், எது பின் என்பது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

1. நியாயப்பிரமாணம்: மோசே வழியாக இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளைகளின் தொகுதி. கத்தோலிக்கர் திருச்சட்டம் என்பார்கள். யூத மரபு இதில் 613 கட்டளைகளை எண்ணுகிறது: செய்யவேண்டியவை 248, செய்யக்கூடாதவை 365. பத்துக் கட்டளைகள் இவற்றுள் அடங்கும்.

2. கிருபை, அல்லது அருள்: தகுதி பார்த்துத் தராமல், கடவுள் தாமாகக் காட்டும் தயவு.

3. விசுவாசம்: கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது மட்டும் இதில் அடங்காது. அவரை நம்பித் தன்னை ஒப்படைப்பதும் சேர்ந்ததுதான் விசுவாசம்.

4. நீதிமானாக்கப்படுதல்: குற்றமுள்ள மனிதரைக் கடவுள் தம்மோடு சரியான நிலையில் நிறுத்துவது. இது எப்படி நடக்கிறது என்பதில்தான் சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடின.

சட்டத்துக்கு முன் ஒரு வரி

பழைய ஏற்பாடு முழுக்கச் சட்டம், புதிய ஏற்பாடு முழுக்க அன்பு என்று பிரித்துப் பேசுவது மேடைக்கு வசதி. யாத்திராகமத்தின் 20 ஆம் அதிகாரத்தைத் திறந்தால் அந்தப் பிரிப்பு நிற்காது. பத்துக் கட்டளைகள் "செய்யாதே" என்று தொடங்கவில்லை. உன்னை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டுவந்த கடவுள் நானே என்ற அறிவிப்போடு தொடங்குகின்றன. விடுதலை நடந்து முடிந்த பிறகே கட்டளை வருகிறது. கட்டளையைக் கைக்கொண்டால் எகிப்திலிருந்து மீட்பேன் என்று எங்கும் பேரம் பேசப்படவில்லை.

இந்த வரிசை தலைகீழானபோதெல்லாம் தீர்க்கதரிசிகள் சத்தம் போட்டார்கள். பலியை விட இரக்கத்தையே விரும்புகிறேன் என்று கடவுள் சொல்வதாக ஓசியா எழுதினார். நியாயம் செய், இரக்கத்தை விரும்பு, உன் கடவுளுக்கு முன் தாழ்மையாய் நட என்று மீகா சுருக்கினார். கற்பலகையில் இருந்த சட்டம் ஒருநாள் மனிதர் உள்ளத்தில் எழுதப்படும் என்றார் எரேமியா. மூவரும் சட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தைச் சொன்னார்கள்.

இயேசுவும் இரண்டு மகன்களும்

இயேசு அதிகம் மோதியது பரிசேயர் என்ற யூத சமயக் குழுவினரோடு. பிரசங்கங்களில் அவர்கள் வெளிவேடக்காரராக மட்டுமே வருவார்கள். இது முழு நியாயம் இல்லை. அந்நிய ஆட்சியின்கீழ் தங்கள் அடையாளம் கரைந்துபோகாமல், அன்றாட வாழ்வின் ஒவ்வொரு சின்னச் செயலையும் கடவுளுக்கு உரியதாக்க முயன்ற பக்திமான்கள் அவர்கள். அந்த அக்கறை வன்னி வாசகருக்குப் புரியாத ஒன்றல்ல. ஆனால் காக்க வைத்த வேலியே பயிரை நெருக்கத் தொடங்கியதைத்தான் இயேசு கேட்டார். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது, மனிதன் ஓய்வுநாளுக்காக அல்ல என்பது மாற்கு 2 ஆம் அதிகாரத்தில் அவர் கொடுத்த பதில்.

அவருடைய வாதத்தின் நடு லூக்கா 15 இல் உள்ளது. இளைய மகன் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்புகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார். பிரசங்கம் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். கதை முடிவதில்லை. வீட்டைவிட்டு ஒருநாளும் போகாத மூத்தவன் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கிறான். இத்தனை வருஷமாக உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்பது அவன் முறைப்பாடு.

மூத்தவன் பேச்சைக் கவனித்தால் அது மாதம் தவறாமல் சீட்டுக் கட்டியவரின் பேச்சு. கட்டிய காசுக்குத் தன் முறை வரும்போது முழுத்தொகை கேட்கும் உரிமை சீட்டில் உண்டு. அவன் தகப்பனை அப்படித்தான் பார்த்திருக்கிறான். இருவரில் ஒருவன் சட்டத்தை மீறித் தகப்பனை இழந்தான். மற்றவன் சட்டத்தைக் காத்துக்கொண்டே, அதே வீட்டுக்குள் இருந்தபடி, தகப்பனை இழந்திருந்தான். இரண்டாவது இழப்பு வெளியே தெரியாது. "உறவு" வாதம் தொடவேண்டிய இடம் இதுதான்.

பவுலின் தர்க்கம், படிப்படியாக

யூதரல்லாதோர் சபைக்குள் வரத் தொடங்கியபோது, அவர்கள் விருத்தசேதனம் செய்து மோசேயின் சட்டத்தை ஏற்கவேண்டுமா என்று பிரச்சினை எழுந்தது. கி.பி. 49 ஐ ஒட்டி எருசலேமில் கூடிப் பேசினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15 அதைப் பதிவுசெய்கிறது. முழுச் சட்டமும் சுமத்தப்படவில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்ற மிருகம், வேசித்தனம் ஆகியவற்றை மட்டும் விலக்கச் சொன்னார்கள்.

இதற்கு அடியில் இருந்தது, யூதரல்லாதோரிடம் நற்செய்தியைக் கொண்டுபோன அப்போஸ்தலர் பவுலின் தர்க்கம். அது கலாத்தியர், ரோமர் நிருபங்களின்படி இப்படிப் போகிறது:

1. சட்டம் நல்லது. எது பிழை என்று அது காட்டுகிறது.

2. ஆனால் பிழையைக் காட்டும் கருவிக்குப் பிழையை மாற்றும் சக்தி இல்லை. முழுவதையும் கைக்கொண்டவர் எவரும் இல்லை.

3. ஆகவே சட்டத்தைக் காத்து எவரும் கடவுள் முன் நீதிமானாக நிற்க முடியாது. அந்த நிலை கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தின் வழியாகக் கொடையாகக் கிடைக்கிறது.

4. கொடை பெற்றவர் இனி அடிமை அல்ல, பிள்ளை. "அப்பா, பிதாவே" என்று கூப்பிடும் உரிமை அவருக்கு உண்டு (ரோமர் 8).

5. பிள்ளையான பிறகு எப்படி வாழ்வது என்பது புதிய கேள்வி. சட்டம் இங்கே அன்பின் வடிவமாகத் திரும்பி வருகிறது.

ஐந்தாவது படியை விட்டுவிட்டு நான்கோடு நிறுத்துவதுதான் இன்று நடக்கும் பெரிய சுருக்கம். எபேசியர் 2:8, 9 வசனங்களைச் சுவரில் எழுதுவார்கள்: கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், செயல்களால் அல்ல. அடுத்த வசனமான 10, நற்செயல்களைச் செய்வதற்கென்றே நாம் படைக்கப்பட்டோம் என்கிறது. அது சுவரில் இடம்பிடிப்பது அபூர்வம். செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறது யாக்கோபு நிருபம். என்னில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள் என்று இயேசுவே யோவான் 14 இல் சொல்கிறார். உறவு வந்தால் ஒழுங்கு போய்விடும் என்று புதிய ஏற்பாட்டில் எவரும் சொல்லவில்லை.

இந்த வாதம் நம் ஊருக்கு வந்த வழி

மனித முயற்சியா, அருளா என்று 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருளை வலியுறுத்திய அகுஸ்தீனும் மனித முயற்சியை வலியுறுத்திய பெலாஜியுஸும் மோதினார்கள். 1517 இல் ஜெர்மன் துறவி லூத்தர் அதே கேள்வியை மறுபடி எழுப்ப, மேற்குத் திருச்சபை உடைந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1547 இல் திரெந்து சங்கத்தில் தன் பதிலை வகுத்தது. அருள் முன்வருகிறது, மனிதர் அதோடு ஒத்துழைக்கிறார் என்பது அதன் சாரம். 1999 ஒக்டோபர் 31 இல் ஒக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகப் பேரவையும் இந்த விடயத்தில் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டன. 2006 இல் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்தனர். இரட்சிப்பு நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே என்பதில் அடிப்படை உடன்பாடு உண்டு என்கிறது அது. வன்னியில் ஒரே ஒழுங்கைக்குள் வாழும் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இதை அறியாமலே இன்னும் சண்டை பிடிப்பதைக் காணலாம்.

"தனிப்பட்ட உறவு" என்ற அழுத்தம் தனியான ஒரு கிளையிலிருந்து வருகிறது. 17 ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், லூத்தரன் சபை கோட்பாட்டில் சரியாக இருந்தும் உள்ளத்தில் வறண்டுவிட்டது என்று எழுந்த பக்தி இயக்கம் அது. அந்த இயக்கத்தின் ஹாலே நகரப் பள்ளியில் உருவான மிஷனரி சீகன்பால்க் 1706 இல் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியில் இறங்கினார். அதே ஓட்டத்தின் செல்வாக்கு இங்கிலாந்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியைத் தொட்டது. 1738 மே 24 இல், கிறிஸ்துவை மட்டும் நம்புகிறேன் என்ற நிச்சயம் தம் உள்ளத்தில் பிறந்ததாக அவர் எழுதினார். அவர் வழிவந்த மிஷனரிமார் 1814 இல் இலங்கை வந்தார்கள். 1816 இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனும் மனமாற்றத்தின் அடையாளம் தெரியாமல் எவரையும் சபை உறுப்பினராகச் சேர்க்கத் தயங்கியது. அவர்களிடம் படித்தவர் தொகைக்கும் சபையில் சேர்ந்தவர் தொகைக்கும் பெரிய இடைவெளி இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 20 ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் அதே அழுத்தத்தோடு அன்னியபாஷை, சுகமளிப்பு, சாட்சி சொல்லுதல் என்பவற்றைச் சேர்த்தன.

கத்தோலிக்கருக்கு இது அந்நியம் என்று நினைப்பதும் பிழை. கிறிஸ்தவராய் இருப்பது ஒரு நெறித் தீர்மானத்திலிருந்து தொடங்குவதில்லை, ஒரு நபரைச் சந்திப்பதிலிருந்து தொடங்குகிறது என்று பாப்பரசர் 16 ஆம் ஆசீர்வாதப்பர் 2005 இல் தம் முதல் சுற்றுமடலின் முகப்பிலேயே எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், செபத்தைக் கடவுளோடு உள்ள உயிருள்ள, தனிப்பட்ட உறவு என்றே விளக்குகிறது.

பதிவேட்டில் இருந்தோரும் காட்டுக்குள் போனோரும்

சட்டத்தால் கட்டிய சமயத்துக்கு என்ன நடக்கும் என்பதற்குத் தூர தேசத்து உதாரணம் தேவையில்லை.

ஒல்லாந்தர் 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. அரச உத்தியோகம் பெறவும் திருமணத்தைப் பதியவும் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் பெற்றார்கள். பள்ளிக்கூடத் தோம்புகளில், அதாவது பதிவேடுகளில், பெயர்கள் நிரம்பின. வீட்டுக்குள் பலர் வழமைபோல் சைவராகவே இருந்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், தோம்பில் இருந்த கிறிஸ்தவம் சீக்கிரமே காணாமல் போனது.

மறுபக்கம், 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி காலத்தில் மன்னாரில் ஏறத்தாழ 600 பேர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட நினைவைச் சுமந்த கத்தோலிக்கர் இருந்தார்கள். தோட்டவெளியில் அவர்களுக்கான ஆலயம் இன்றும் உண்டு. ஒல்லாந்தர் நெருக்கியபோது, 1670 ஐ ஒட்டி, மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனார்கள் என்பது மரபு. மடுத் திருத்தலம் அப்படித்தான் தொடங்கியது. 1687 இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இரவில் பூசை வைத்தார். எந்தச் சலுகையும் தராத, தண்டனை மட்டுமே தரக்கூடிய சமயம் நின்றது. சலுகை தந்த சமயம் கரைந்தது.

இந்த வரலாற்றை "உறவு வென்றது, சட்டம் தோற்றது" என்று சுருக்கிவிட ஆசை வரும். ஆனால் குருவானவர் இல்லாத அந்த ஆண்டுகளில் காட்டுக்குள் இருந்தோரைத் தாங்கியது எது? மனப்பாடமான செபங்கள், செபமாலை, திருநாள் முறை, மூப்பர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. வெளியே இருந்து பார்ப்பவர் "சடங்கு" என்று தள்ளும் அதே சாமான்கள்தான். உறவுக்கு உடம்பாக ஒழுங்கு இருந்தது. தோம்பில் உடம்பு மட்டும் இருந்தது.

சைவ வாசகருக்கு இது புதிதல்ல

சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளைச் சொல்கிறது. அவற்றையே தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்றும் வழங்குகிறது. அடிமையாக அப்பர், பிள்ளையாகச் சம்பந்தர், தோழனாகச் சுந்தரர். பின்னிருவரும் பாடிய திருக்கேதீச்சரம் மன்னாரில்தான் இருக்கிறது. ஆகம முறைப்படி பூசை செய்த சிவகோசரியாரைவிட, வாயால் நீரும் கையால் இறைச்சியும் கொண்டுவந்த வேடன் கண்ணப்பனின் அன்பையே சிவன் உயர்த்திக் காட்டியதைப் பெரியபுராணம் பாடுகிறது. ஆகவே "சடங்கு உங்களுக்கு, உறவு எங்களுக்கு" என்று சைவரைப் பார்த்துச் சொல்லும் பிரசங்கி, தமிழ்ப் பக்தி மரபின் பாதியை வாசிக்காமல் பேசுகிறார்.

வேறுபாடு வேறு இடத்தில். கிறிஸ்தவம் இந்த உறவை ஒரு வரலாற்று நபரிடம், அவருடைய சிலுவை மரணத்திலும் உயிர்ப்பிலும் கட்டுகிறது. கடவுள் முந்தி அன்புசெய்தார், அதனால்தான் நாம் அன்புசெய்கிறோம் என்கிறது யோவானின் முதல் நிருபம். படிகளில் ஏறி அடையும் உறவாக அது சொல்லப்படுவதில்லை.

உறவின் பெயரில் வரும் புதிய சட்டங்கள்

எழுதிய சட்டத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாக இராது. எழுதாத சட்டம் வந்து உட்காரும். கத்தோலிக்கருக்குத் திருச்சபைக் கட்டளைகள் உண்டு: ஞாயிறு பூசை, வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், பாஸ்குக் காலத்தில் நற்கருணை என்று நான்கைந்து. அச்சில் இருப்பதால் எல்லை தெரியும். "எங்களிடம் சட்டமே இல்லை" என்னும் சபையிலோ எத்தனை உபவாசம், எத்தனை முழு இரவு ஜெபம் வந்தால் "ஆவிக்குரியவர்" என்ற அளவு எங்கும் எழுதியிராது. எழுதாததால் அதை மேல்முறையிடவும் முடியாது.

பொட்டை எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. தங்க ஆபரணத்தைவிட உள்ளத்து அழகு மேலானது என்னும் 1 பேதுரு 3 ஐ நீட்டித்தான் தடை போடுகிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் பலர் பொட்டு வைக்கிறார்கள், சிலுவையோ புறாவோ பொறித்த தாலி கட்டுகிறார்கள். இரட்சிப்புக்கும் பொட்டுக்கும் தொடர்பு உண்டென்று சொன்னால் அது கலாத்தியருக்குப் பவுல் எழுதியதற்கு நேர் எதிர்.

ஆனாலும் இதை வன்னியில் வைத்து இன்னொரு பக்கமாகவும் பார்க்கவேண்டும். போரில் கணவனை இழந்தவரும், கணவன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதவரும் இங்கே மிகப் பலர். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? வைத்தாலும் ஊர் பேசும், அழித்தாலும் பேசும். எல்லாப் பெண்களும் பொட்டில்லாமல் இருக்கும் ஒரு கூட்டத்தில் அவர் நெற்றியை எவரும் பார்ப்பதில்லை. ஒரே விதி ஒரு பெண்ணுக்குச் சுமை, இன்னொரு பெண்ணுக்கு நிழல். விதியை மட்டும் தனியே எடுத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தசமபாகம் வேறு கதை. எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது பவுல் வீதம் எதையும் விதிக்கவில்லை. அவனவன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும், கட்டாயத்தால் அல்ல என்றார் (2 கொரிந்தியர் 9). நுண்கடன் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் பெண்ணிடம் பத்தில் ஒன்று கேட்பதும், தராவிட்டால் ஆசீர்வாதம் நிற்கும் என்பதும் மூத்த மகனின் கணக்குக்கே அவரைத் திருப்பி அனுப்புவது.

இழப்பு வரும்போது எந்தப் புரிதல் தாங்கும்

இந்த வாதம் ஏட்டுச் சண்டையாக நில்லாமல் உயிர்ப்பிரச்சினை ஆவது இங்கேதான். கடவுளோடு உள்ள தொடர்பைச் சட்டமும் கூலியும் என்று விளங்கிக்கொண்டவருக்கு, துன்பம் வந்தால் ஒரே முடிவுதான் கிடைக்கும்: எங்கோ பிழை விட்டிருக்கிறேன். 2009 இல் பிள்ளையைப் பறிகொடுத்து, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, திரும்பிவந்து வெறும் காணியைப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு என்ன சொல்லும்? "விசுவாசம் காணாது" என்று சொல்லும். வார்த்தை "உறவு" என்று இருந்தாலும், இப்படிச் சொல்லும் ஊழியர் கூலிக்கணக்கைத்தான் பிரசங்கிக்கிறார்.

வேதாகமம் இந்தக் கணக்கை மூன்று இடங்களில் வெளிப்படையாக உடைக்கிறது.

1. லூக்கா 13. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்றதைச் சிலர் வந்து சொல்கிறார்கள். வணக்கத்தில் இருந்தோரை ஆட்சியாளன் கொன்ற சம்பவம் அது. மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றியும் அதே பதில். 1999 நவம்பரில் மடுத் தலத்தில் தஞ்சமிருந்தோர் மேல் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்த மண்ணில் இந்தப் பகுதியைச் சத்தமாக வாசிக்கவேண்டும்.

2. யோவான் 9. பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார். வினைப்பயன் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று உறைக்கும் பதில்.

3. யோபு. அவருடைய நண்பர்கள் ஒழுங்கான இறையியல் பேசுகிறார்கள்: நல்லவன் வாழ்வான், கெட்டவன் தண்டிக்கப்படுவான், நீ மனந்திரும்பு. யோபு கடவுளோடு வழக்காடுகிறார், முறையிடுகிறார், நியாயம் கேட்கிறார். முடிவில் கடவுள் நண்பர்களைப் பார்த்து, என்னைக் குறித்து யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

உறவு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருந்தால் அதில் சண்டைக்கும் இடம் இருக்கவேண்டும். கூலிக்காரன் முதலாளியோடு சண்டை பிடித்தால் வேலை போய்விடும். பிள்ளை தகப்பனோடு பிடிக்கலாம். எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று 13 ஆம் சங்கீதம் கேட்கிறது. 88 ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருளில் முடிகிறது, முடிவில் ஆறுதல் வரி ஒன்றும் சேர்க்கப்படவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் ஒரு சங்கீதத்தின் முதல் வரியே. சாட்சி நேரத்தில் மகிழ்ச்சிக் கதைகளை மட்டும் கேட்கும் சபை, தன் வேதப்புத்தகத்தின் பெரும்பகுதிக்கு வாய்ப்பூட்டுப் போடுகிறது.

லூக்கா 18 இல் ஒரு விதவை வருகிறாள். நியாயம் தராத நீதிபதியிடம் ஓயாமல் போய் நின்று அலுக்கவைக்கிறாள். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு மாதிரியாக இயேசு காட்டியது அவளைத்தான். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தைப் பார்த்தவருக்கு அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது. "ஜெபித்துவிட்டு அமைதியாக இருங்கள்" என்று அவர்களுக்குச் சொல்பவர் லூக்கா 18 ஐ மறுபடி வாசிக்கலாம்.

"தனிப்பட்ட" உறவும் கூடும் இடமும்

தனிப்பட்ட உறவு என்பதைத் தனியாள் உறவு என்று எடுத்துக்கொள்வது இன்னொரு வழுக்கல். இயேசு கற்பித்த செபம் "எங்கள் பிதாவே" என்று பன்மையில் தொடங்குகிறது. நிருபங்களில் பெரும்பாலானவை சபைகளுக்கு எழுதப்பட்டவை.

இங்கே நாட்டின் நிர்வாகமும் உள்ளே வருகிறது. அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. சமயத்தை வெளிப்படுத்திக் கைக்கொள்ளும் உரிமையை 14 ஆம் உறுப்புரை தருகிறது. ஆனால் 2008 இல் சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, புதிய வணக்கத்தலங்களுக்கு முன்னனுமதி வேண்டும் என்றது. சிறு சபைகளை நிறுத்த அது பல இடங்களில் காட்டப்பட்டிருக்கிறது. சமயம் என்றால் கட்டிடம் என்று நிர்வாகம் எண்ணுகிறது. விசுவாசத்தை உறவு என்று எண்ணுவோர் வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். பத்துப் பேர் கூடும் விறாந்தை வணக்கத்தலமா, வீடா? இந்தக் கேள்வி பிரதேச செயலகம் வரை போவதற்குப் பின்னால் இந்த இறையியல் வேறுபாடும் இருக்கிறது.

படையலும் கொள்ளியும்

தொடக்கத்தில் நின்ற சைவக்காரரின் கேள்விக்கு வருவோம். முதலில் படையல். வைகாசி விசாகத்தில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்து அயல்வீட்டார் கொண்டுவந்து தருகிறார்கள். வாங்குவதா? கொரிந்து நகரில் கோயில் இறைச்சி சந்தைக்கு வந்தபோது பவுல் முன் வந்ததும் இதே கேள்விதான். அவர் ஒற்றை விதி தரவில்லை. விக்கிரகம் ஒன்றுமில்லை, உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதும் இல்லை, விலக்குவதும் இல்லை என்கிறார். ஒருவர் விருந்துக்கு அழைத்தால் விசாரியாமல் சாப்பிடு, படைத்தது என்று சொல்லித் தந்தால் அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய அதே முதல் நிருபத்தில், கர்த்தருடைய பந்தி, பேய்களுடைய பந்தி என்ற இரண்டு பந்தியிலும் பங்குகொள்ள முடியாது என்று கோடும் போடுகிறார். ஆக, வாங்குபவர் பார்க்கவேண்டியது சோற்றை அல்ல, அதை ஏற்பது வணக்கமாகுமா, அயலுறவாகுமா என்பதை. இதில் இரு கிறிஸ்தவர் இரு முடிவுக்கு வரலாம். ரோமர் 14 அதற்கு இடம்விடுகிறது.

கொள்ளி கடினமானது. சைவக் கிரியையில் அது வெறும் நெருப்பு வைப்பது அல்ல, ஆன்மாவுக்கான சமயக் கடமை. அதனால் மனச்சாட்சி இடந்தராத மகனை இரட்டை வேடம் போடச் சொல்லவும் முடியாது. சில வீடுகளில் மகன் பாடை தூக்குகிறான், சுடலை வரை போகிறான், கொள்ளியைச் சித்தப்பாவோ மருமகனோ வைக்கிறார். எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் அவன் காசு கொடுக்கிறான், பந்தியில் பரிமாறுகிறான். இப்படிப் பேசி முடித்த வீடுகளில் கோபம் ஆறுகிறது. வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வரவே கூடாது என்று போதகர் தடுத்த இடங்களில் பகை அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

தடுப்போர் காட்டும் வசனம் லூக்கா 9:60, மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும். அதோடு மாற்கு 7 ஐயும் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே இயேசு கண்டித்தது, தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களை. அவர்கள் சொன்ன சாட்டு, அந்தப் பொருள் ஏற்கெனவே கொர்பான், கடவுளுக்கு நேர்ந்தாயிற்று என்பது.